டைட்டானியம் சைலன்சருக்குக் கூம்பு செய்வது: காகிதத்திலிருந்து ஆர்கான் வரை

டைட்டானியத்தில் நேர் பைப், பெண்ட், ஃபிளேஞ்ச் எல்லாம் இப்போது ரெடிமேடாகக் கிடைக்கின்றன. கிடைக்காதது கூம்புதான். உங்கள் பைப் 45 மி.மீ., மஃப்ளர் (சத்தத்தை அடக்கும் டப்பா) உடம்பு 90 மி.மீ., இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் 120 மி.மீ. என்றால், சரியாக அந்த அளவுக்கு ஒரு கூம்பை யாரும் கடையில் அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள். பெரிய கம்பெனிகள் டியூபை அச்சுக்குள் வைத்து, திரவ அழுத்தம் கொடுத்து விரித்துக் கூம்பாக்கிவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது தகடு, கத்திரி, வைஸ், ஆர்கான் மெஷின் (ஆர்கான் வாயுவைப் பாய்ச்சி, காற்றுப் படாமல் வெல்டு செய்யும் மெஷின்). தகட்டை வெட்டிச் சுருட்டி, நீளவாக்கில் ஒரே ஒரு ஜாயிண்ட் போட்டு மூட வேண்டியதுதான்.

கோவை கணபதியில் எனக்குச் சின்னப் பட்டறை. வாரநாளில் பம்ப் வேலை, மில் மெஷின் பாகங்கள். ஓய்ந்த நேரத்தில் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டும் பசங்களுடைய பைக்குகள். கூம்பு கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வெல்டிங்கைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்: எத்தனை ஆம்ப் கரண்ட், டார்ச் நுனிக்கு என்ன டங்ஸ்டன் கம்பி, ஆர்கான் வெளிவரும் கப் எந்த அளவு. என் அனுபவத்தில் டைட்டானியம் கூம்பு கெட்டுப்போவது வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்னால்தான். அளவு தவறி, விளிம்பு சேராமல், அரை மில்லி சந்தோடு வெல்டிங்குக்கு வந்தால் கை தேர்ந்தவனும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இங்கே காகிதத்துக்கும் அரத்துக்கும்தான் அதிக இடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டிராக் பைக்குக்கான வேலை. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ரோட்டில் போனால் போலீஸ் பிடிக்கும், பிடிப்பதும் நியாயம்தான்.

தகடு

கிரேடு 2 சுத்த டைட்டானியம், 1 மி.மீ. கனம். கிரேடு 1 கிடைத்தால் இன்னும் நல்லது, அது மெத்தென்று வளையும். கிரேடு 5 என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கலவை. பலம் அதிகம், ஆனால் கையால் சுருட்ட வராது, மல்லுக்கு நிற்கும். 0.8 மி.மீ. தகட்டில் எடை குறையும், ஆனால் முதல் கூம்புக்கு வேண்டாம். வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிடும்.

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் இல்மனைட்தான் டைட்டானியத்தின் தாது. கொஞ்சம் தள்ளி கேரளத்தில் சவராவில் அதிலிருந்து டைட்டானியம் ஸ்பாஞ்ச் (பஞ்சு போன்ற கச்சா உலோகம்) எடுக்கும் ஆலையே இருக்கிறது. இருந்தும் அரை சதுர அடித் துண்டு வேண்டுமென்றால் நான் மும்பைக்குத்தான் போன் போடுகிறேன். வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். வந்ததும் ஒரு மூலையைக் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணைக் கூசும் வெள்ளைப் பொறி வந்தால் டைட்டானியம். காந்தமும் ஒட்டாது.

எடை லாபம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாம் செய்யப்போகும் இந்தக் கூம்பு சுமார் 115 கிராம் வரும். இதையே அதே கனத்தில் ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தால் 200 கிராம்.

கணக்கு

பத்தாம் வகுப்பில் படித்த கூம்பின் இடைக்கண்டம்தான் இது. விரித்துப் போட்டால் ஒரு பெரிய வட்டக்கோணப் பகுதியிலிருந்து சின்ன வட்டக்கோணப் பகுதியை வெட்டி எடுத்த மாதிரி, ஒரு விசிறி வடிவம் கிடைக்கும். அந்த விசிறிக்கு மூன்று எண்கள் தெரிந்தால் போதும்: வெளி ஆரம், உள் ஆரம், கோணம்.

எல்லோரும் சறுக்கும் இடம் விட்டம்தான். பைப்பின் வெளி விட்டத்தை அப்படியே கணக்கில் போடக்கூடாது. தகடு வளையும்போது வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும், நடுக்கோடு மட்டும் மாறாது. அதனால் வெளி விட்டத்திலிருந்து ஒரு தகட்டுக் கனத்தைக் கழித்துவிடுங்கள். 45 மி.மீ. வேண்டுமென்றால் கணக்கில் 44, 90 வேண்டுமென்றால் 89. கழிக்காமல் விட்டால் சுற்றளவில் 3 மி.மீ.க்கு மேல் கூடிவிடும், கூம்பு பைப்பைவிட ஒரு மில்லி பெரிதாக நிற்கும்.

இனி அளவுகள். இரண்டு விட்டங்களின் வித்தியாசம் 45, அதில் பாதி 22.5. உயரம் 120. சாயுயரம் என்பது 120-இன் வர்க்கத்தையும் 22.5-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது: 122.1 மி.மீ. வெளி ஆரத்துக்குச் சாயுயரத்தைப் பெரிய விட்டத்தால் பெருக்கி, வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்: 122.1 × 89 ÷ 45 = 241.5. உள் ஆரத்துக்கு அதே கணக்கு, சின்ன விட்டத்தை வைத்து: 122.1 × 44 ÷ 45 = 119.4. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சாயுயரமே திரும்ப வரவேண்டும், வந்தால் கணக்கு சரி. கோணம் 180 × 89 ÷ 241.5, அதாவது 66.3 டிகிரி.

இந்தக் கோணத்தைப் பாகைமானி வைத்துப் போடாதீர்கள். ஒரு டிகிரி பிசகினால் வெளி வில்லில் 4 மி.மீ. போய்விடும். அதற்குப் பதில் வில்லின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள நேர்தூரத்தை வைத்துக் குறியுங்கள். நம் கூம்புக்கு வெளி வில்லில் அது 264.2 மி.மீ., உள் வில்லில் 130.6 மி.மீ. வெளி வில்லை வரைந்துவிட்டு, ஸ்டீல் ஸ்கேலை ஒரு முனையில் வைத்து, மறுமுனையை 264.2-இல் வெட்டினால் முடிந்தது. வேறு அளவில் செய்கிறவர்கள் பாதிக் கோணத்தின் சைன் மதிப்பை ஆரத்தால் பெருக்கி இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

மெல்லச் சரியும் நீளக் கூம்பு என்றால் ஆரம் ரொம்பப் பெரிதாகிவிடும். 38-இலிருந்து 45-க்கு 200 மி.மீ. நீளத்தில் போகும் ஹெடர் (எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாய்) துண்டுக்கு வெளி ஆரம் 1,257 மி.மீ. காம்பஸ் ஏது? ஒரு மரச் சட்டத்தில் ஒரு பக்கம் ஆணி, மறுபக்கம் பென்சில் போக ஓட்டை. பட்டறைத் தரையில் வரைந்துகொள்ளலாம். நூல் கட்டி வரைய வேண்டாம், நூல் இழுபடும். அந்த நீளக் கூம்பில் வில்லின் வளைவு நடுவில் 2 மி.மீ.கூட வராது. இவ்வளவுதானே என்று நேர்கோடாக வெட்டிவிட்டால் முனை வட்டமாக உட்காராது.

டெம்ப்ளேட்

கெட்டிக் காகிதத்தில், நாள்காட்டி அட்டை மாதிரி ஒன்றில், முழு அளவில் வெட்டுங்கள். உருட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து டேப் ஒட்டுங்கள். பைக்கில் அதன் இடத்தில் பிடித்துப் பாருங்கள். கூம்பின் மூடு ஜாயிண்ட் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை இப்போதே முடிவு பண்ணி டெம்ப்ளேட்டில் எழுதிவிடுங்கள். நான் எப்போதும் சக்கரத்தைப் பார்த்த பக்கம் வைப்பேன்.

தகட்டுக்கு மாற்றும்போது இரண்டு முனைகளிலும் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள். வெளி ஆரம் 243.5, உள் ஆரம் 117.4, பக்க விளிம்புகளின் கோடு அதே கோட்டில் நீளும். இதில் ஒரு வசதி இருக்கிறது. இந்தச் சரிவில் முனையிலிருந்து ஒவ்வொரு மில்லி தேய்க்கத் தேய்க்க விட்டம் 0.375 மி.மீ. மாறும். சின்ன முனை முதலில் முக்கால் மில்லி சின்னதாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே வந்தால், பைப்போடு கச்சிதமாகச் சேரும் இடம் வந்துவிடும். பெரிய முனையில் இதற்கு நேர்மாறு, தேய்க்கத் தேய்க்கச் சிறுக்கும். பைப் சரியாக 45 இல்லாமல் 45.2 இருந்தாலும் கவலையில்லை.

பக்க விளிம்புகளில் ஒன்றில் மட்டும் அரை மில்லி விடுங்கள், அரத்துக்காக.

தகட்டில் வெட்டும் கோட்டை மட்டும் ஊசியால் கீறலாம். மற்ற எல்லாக் கோடுகளும் மார்க்கரில். வளையும் இடத்தில் கீறல் இருந்தால் பின்னால் அதிர்வில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். 1 மி.மீ. தகட்டை நல்ல கத்திரியால் வெட்டிவிடலாம். கோட்டுக்கு ஒரு மில்லி வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் எடுங்கள். லேசரில் வெட்டிக் கொண்டுவந்தால் வெட்டிய விளிம்பில் நிறம் மாறியிருக்கும். அந்த நிறம் போகும்வரை அராவிய பிறகுதான் வெல்டிங்.

அராவிய தூளைப் பற்றி ஒரு வார்த்தை. டைட்டானியத்தின் நைசான தூள் பற்றிக்கொண்டால் வெள்ளையாக எரியும். தண்ணீர் ஊற்றக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பிரயோஜனமில்லை. பக்கத்தில் ஒரு டப்பா காய்ந்த மணல் வையுங்கள். கிரைண்டர் அடியில் தூள் சேரவிடாமல் அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

சுருட்டுவது

டைட்டானியம் ஸ்டீலைப் போல வளைந்த இடத்தில் நிற்காது, திரும்ப விரியும். அதன் மீள்தன்மை எண் ஸ்டீலில் பாதிதான் என்பதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு திரும்பிவரும். எனவே வேண்டியதைவிட அதிகமாக வளைத்தாக வேண்டும்.

முதலில் ஒரு மர அச்சு. புளியங்கட்டையை லேத்தில் கடைந்துகொள்கிறேன், அடி தாங்கும், பிளக்காது. லேத்தின் காம்பவுண்ட் ஸ்லைடை (உளியைச் சாய்த்து நகர்த்தும் பகுதி) 10 டிகிரி 37 நிமிடத்துக்கு வைத்தால் நம் கூம்பின் சரிவு வந்துவிடும். உள்பக்க அளவு 43-க்கு 88 என்பதால், சின்ன முனையை 40 அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் நீளமாகவே கடையுங்கள். இரும்பு அச்சும் ஆகும், ஆனால் இரும்பு டைட்டானியத்தில் ஒட்டும், கீறும். மரம் அல்லது நைலான் நல்லது. சுத்தியும் அப்படித்தான்: நைலான் அல்லது மரம்.

தகட்டின் உள்பக்கத்தில் விசிறியின் மடிப்புகள் போல, வெளி வில்லிலிருந்து உள் வில்லுக்கு மார்க்கரில் கோடுகள் போடுங்கள். எல்லாக் கோடும் ஒரே மையத்தை நோக்கிப் போகவேண்டும், ஒன்றுக்கொன்று சுமார் 5 டிகிரி. வளைவு எப்போதும் இந்தக் கோடுகளின் மேல்தான் விழ வேண்டும். இணையாக வளைத்தால் கூம்பு முறுக்கிக்கொண்டு, விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும்.

ஆரம்பிப்பது நடுவில் இல்லை, விளிம்பில். இரண்டு விளிம்புகளிலும் கடைசி 10, 12 மி.மீ. அகலத்தை முதலில் அச்சின் மேல் வைத்துத் தட்டி வளைத்துவிடுங்கள். கூம்பு மூடிய பிறகு இந்த இடத்தில் நெம்ப முடியாது. இதைச் செய்யாமல் விட்டால் ஜாயிண்ட் வட்டமாக வராமல் ஓட்டுவீட்டுக் கூரை முகடு மாதிரி எடுப்பாக நிற்கும். எத்தனை அடித்தாலும் போகாது.

அப்புறம் வைஸில் ஒரு 25 மி.மீ. கம்பியைப் படுக்கவைத்துக் கட்டி, அதன்மேல் தகட்டை ஒவ்வொரு கோடாக வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம்தான். சின்ன வில் பக்கம் கை அதிகம் அழுத்த வேண்டும், பெரிய பக்கம் லேசாக. ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குப் போய், தகட்டைத் திருப்பி, அங்கிருந்து மறுபடி. ரோலிங் மெஷின் இருந்தால் பின் உருளையைச் சாய்த்துவைத்து, தகட்டின் சின்ன முனை உரசிப் பின்தங்கும்படி ஓட்டலாம். வேகம் அதில்தான். ஆனால் ஒரே ஒரு கூம்புக்கு மெஷினைச் சரிக்கட்டும் நேரத்தில் கையால் முடித்துவிடலாம்.

விளிம்புகள் ஒன்றையொன்று தாண்டிப் பத்து மில்லி ஏறும்வரை சுருட்டுங்கள். பிறகு கையால் விரித்து, விளிம்போடு விளிம்பு சேரும்படி விடுங்கள். இப்படி விட்டால் இரண்டு விளிம்பும் தானாகவே ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். மாறாக, கிளிப் போட்டு இழுத்துக்கட்டித்தான் மூடவேண்டியிருக்கிறது என்றால் வெல்டு போட்டதும் அந்த இழுவிசை ஜாயிண்டிலேயே தங்கிவிடும்.

இப்போது அரம். கூம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஜாயிண்டைப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில்தான் முட்டிக்கொண்டிருக்கும். அந்த மேட்டை மட்டும் எடுங்கள். வெளிச்சக் கீற்று எங்கேயும் தெரியாமல் போகும்வரை இதுதான் வேலை. டைட்டானியத்தில் நான் வைத்திருக்கும் அளவுகோல்: சந்தில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) நுழையக்கூடாது.

சுத்தம்

விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் 25 மி.மீ. அகலத்துக்கு, உள்ளேயும் வெளியேயும், புது ஸ்டெயின்லெஸ் பிரஷால் தேயுங்கள். அந்த பிரஷ் டைட்டானியத்துக்கு மட்டும்தான், ஸ்டீல் பக்கம் போகக்கூடாது. பிறகு பஞ்சு உதிராத துணியில் அசிட்டோன். குளோரின் கலந்த கிளீனர் எதுவும் வேண்டாம், சூட்டில் அது உலோகத்தை விரிசல் விடவைக்கும். இதற்கு மேல் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வியர்வையே போதும் வெல்டைக் கெடுக்க. ஃபில்லர் ராடையும் (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) துடையுங்கள், பலபேர் அதை மறந்துவிடுவார்கள்.

ஆர்கான்

டைட்டானியம் சுமார் 430 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறிஞ்சினால் கண்ணாடி போல் நொறுங்கும். ஆகவே வெல்டில் உருகி நிற்கும் உலோகக் குளத்துக்கு மட்டும் ஆர்கான் போதாது. பின்னால் ஆறிக்கொண்டிருக்கும் இடத்துக்கும், தகட்டின் உள்பக்கத்துக்கும் ஆர்கான் வேண்டும். சிலிண்டர் 99.995 சதவீதமாவது இருக்கட்டும், முடிந்தால் 99.999.

கூம்பின் இரண்டு முனைகளையும் அலுமினியம் ஃபாயிலால் மூடுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கூம்பை நிமிர்த்தி நிற்கவைத்து, கீழ் முனையில் டியூப், மேல் முனையில் ஊசி அளவு ஓட்டை என்று வைத்தால் காற்று மேலே ஏறி வெளியே போய்விடும். ஜாயிண்டின் மேல் அலுமினியம் டேப்பை ஒட்டி, வெல்டு நகர நகர உரித்துக்கொண்டே வாருங்கள். இந்தக் கூம்பின் உள் கொள்ளளவு அரை லிட்டரைவிடக் குறைவு. நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஒரு நிமிடத்தில் பத்து மடங்குக்கு மேல் மாறிவிடும். பிறகு 2 லிட்டருக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருந்து வரும் அழுத்தம் குளத்தை ஊதித்தள்ளும்.

எங்கள் ஊரில் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பட்டறைக்குள் புகுந்து விளையாடும். அந்த மாதங்களில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் டைட்டானியம் வெல்டிங். முடிந்ததும் உடனே கதவைத் திறந்துவிடுங்கள். மூடிய சின்ன அறையில் ஆர்கான் சேர்ந்தால் மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது.

செட்டிங்: டிசி, டார்ச் நெகட்டிவில். 1.6 மி.மீ. லாந்தனம் டங்ஸ்டன், கேஸ் லென்ஸோடு (ஆர்கானைச் சீராகப் பரப்பும் வலை) 12-ஆம் நம்பர் கப், டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் ஆர்கான். 1 மி.மீ. தகட்டுக்கு 30 முதல் 35 ஆம்ப்பில் ஆரம்பியுங்கள். ஃபில்லர் 1 மி.மீ. இஆர்டிஐ-2 (சுத்த டைட்டானியக் கம்பி). அது கிடைக்காவிட்டால் அதே தகட்டிலிருந்து மெல்லிய கீற்று வெட்டிச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம்.

டேக் (விளிம்புகளைப் பிடித்துவைக்கும் புள்ளி வெல்டு) முதலில் சின்ன முனையில், அடுத்து பெரிய முனையில், பிறகு நடுவே 15 மி.மீ.க்கு ஒன்று. ஃபில்லர் இல்லாமல், ஒரு நொடித் தொடல். டேக் போடும்போதும் பர்ஜ், அதாவது கூம்புக்குள் விடும் ஆர்கான், ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டேக்தானே என்று விட்டால், அந்தக் கெட்டுப்போன புள்ளிகள் முழு வெல்டுக்குள் போய்விடும்.

பிறகு 20, 25 மி.மீ. நீளத்துக்கு ஓட்டி, நிறுத்தி, டார்ச்சை எடுக்காமல் அதே இடத்தில் 20 நொடியாவது பிடித்திருங்கள். ஆர்கான் ஓடிக்கொண்டிருக்கும். புதுசாகச் செய்கிறவர்களுக்கு இதுதான் கஷ்டம், வெல்டைப் பார்க்கும் ஆசையில் கையை எடுத்துவிடுவார்கள். ராடின் நுனியும் கப்பிலிருந்து வரும் ஆர்கானுக்குள்ளேயே இருக்கட்டும். தவறி வெளியே வந்து நிறம் மாறினால் நுனியை வெட்டிப்போட்டுவிட்டுத் தொடருங்கள்.

நிறத்தைப் பாருங்கள். வெள்ளி மாதிரி பளபளப்பு என்றால் முதல்தரம். வைக்கோல் நிறமும் சரி. நீலம், ஊதா வந்தால் ஆர்கான் போதவில்லை என்று அர்த்தம். மேலே தொடராமல் நிறுத்தி கப், ஃபாயில், குழாய் எல்லாவற்றையும் பாருங்கள். சாம்பல் நிறமோ வெள்ளைப் பொடியோ வந்தால் அந்த இடம் செத்துவிட்டது. அதன்மேல் மறுபடி வெல்டு போட்டு மறைக்காதீர்கள், வெட்டி எடுத்துவிடுங்கள். உள்பக்கத்தையும் டார்ச்லைட் அடித்து இதே கண்ணோடு பாருங்கள்.

போன மாதம் பைக் கொண்டுவந்த தம்பி கூம்பைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான். “அண்ணா, கலரே இல்லீங்களே. நெட்ல எல்லாம் நீலமா, வயலெட்டா இருக்குமேங்கண்ணா?”

“அது ஓடின சூட்டுல மேல வர்ற கலருப்பா. நீ ஓட்டு, தானா வரும். வெல்டு போடறப்பவே நீலமா வந்தா அது ரெண்டு ரேஸு தாங்காது.”

கடைசி வேலை

ஆறியதும் கூம்பை மர அச்சில் இறுக்கமாக ஏற்றி, ஜாயிண்டின் மேல் நைலான் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். வெல்டு சுருங்கியதில் அந்தக் கோடு கொஞ்சம் உள்வாங்கியோ எடுப்பாகவோ இருக்கும், அது வட்டத்துக்கு வந்துவிடும். வெர்னியரால் இரண்டு திசையில் அளந்து, வித்தியாசம் 0.3 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

முனைகளைச் சமமாக்க எனக்குப் பிடித்த சாதனம் சமையலறை மேடைக்குப் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு. அதன்மேல் எம்ரி பேப்பரை ஒட்டி, கூம்பை நிமிர்த்திப் பிடித்து எட்டுப் போடுவது போல் தேயுங்கள். நாலு சுற்றுக்கு ஒருமுறை கூம்பைக் கால்வட்டம் திருப்புங்கள், கை ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். சின்ன முனையை அடிக்கடி பைப்பில் வைத்துப் பாருங்கள். நகத்தால் குறுக்கே இழுத்தால் படி தட்டாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். உள்விளிம்பில் பிசிறு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது உள்ளே தொங்கினால் வெல்டில் முதலில் உருகி ஓட்டையாவது அதுதான்.

பைப்போடு கூம்பைச் சேர்க்கும்போது கூம்பின் ஜாயிண்டையும் பைப்பின் ஜாயிண்டையும் ஒரே கோட்டில் வைக்காதீர்கள், கால்வட்டமாவது தள்ளியிருக்கட்டும். மஃப்ளர் பக்கத்தை நேரடியாக வெல்டு செய்யாமல், ஒரு ஸ்லிப் ஜாயிண்ட் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பு) வைத்து ஸ்பிரிங் மாட்டுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உதறும் உதறலை அந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், கூம்பின் வெல்டு தப்பிக்கும். முதல் நாள் டிராக்கில் ஓட்டி ஆறவைத்த பிறகு, சின்ன முனை வெல்டின் ஓரத்தில் மயிரிழை போல ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். விரிசல் வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வரும். வந்துவிட்டால் கழற்றி, அந்த வெல்டை முழுக்க வெட்டியெடுத்து, முனையைத் தேய்த்து, மறுபடி ஃபாயில் கட்டி ஆர்கான் நிரப்பித்தான் போடவேண்டும். பைக்கில் இருக்கும்போதே மேலாக ஒரு தொடல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.